எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி

எங்கள் டெலிபோன் கம்பியில் எட்டு வீடு. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எட்டு வீட்டிலும் அடிக்கும். நீளமாக இரண்டு, குட்டியாக ஒன்று என்றால் எனக்கு. நீளமாக மூன்று என்றால் பெர்னிஸுக்கு. யாருக்கு வந்தாலும் மற்ற ஏழு பேரும் ரிசீவரை மெதுவாக எடுத்துக் காதில் வைத்துக்கொள்வோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அயோவாவில் பனி விழ ஆரம்பித்தால் அடுத்த வீட்டுப் புகைபோக்கிகூடக் கண்ணுக்குத் தெரியாது. மனுஷக் குரல் என்று கேட்பது அந்தக் கம்பியில்தான்.

யார் ஒட்டுக் கேட்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். பெர்னிஸ் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கேட்பாள், ஆனால் அவள் வீட்டுக் கூண்டில் இருக்கிற கேனரிக் குருவி காட்டிக்கொடுத்துவிடும். ஹார்லன் வெஸ்ட்ஃபால் வீட்டில் வயசான நாய் ஒன்று இருமும். ஆர்வில் டைக்ஸ்ட்ரா வீட்டில் சுவர்க் கடிகாரம். அவன் அம்மா போன பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது அது ஒன்றுதான். டக், டக் என்று கேட்டால் ஆர்வில் இருக்கிறான் என்று அர்த்தம். பேச மாட்டான். இருப்பான்.

ஒரு ரிசீவர் எடுத்தால் குரல் நன்றாகக் கேட்கும். இன்னொருத்தர் எடுத்தால் கொஞ்சம் மங்கும். எட்டுப் பேரும் எடுத்துவிட்டால் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். "வெச்சுத் தொலைங்களேன், என் அக்கா சொல்றது எனக்குக் கேக்கலை!" என்று நானே கத்தியிருக்கிறேன். டொக், டொக் என்று நாலு பேர் வைப்பார்கள். குரல் திரும்பி வரும்.

சரி, லெனோர் கதைக்கு வருகிறேன்.

லெனோர் ஹாலிஸ்டர் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில டீச்சர். என் வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள். நாற்பதை நெருங்கியவள், உயரம், கல்யாணம் ஆகவில்லை. பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பாள். அந்த ஒரு நொடிதான் அவளுக்கு வினையாகப் போனது.

அந்த வருஷம் ரேடியோவில் ஞாயிறு சாயங்காலம் ஒரு நாடகம் வந்துகொண்டிருந்தது. மிஸ் விண்டில் என்று ஒரு டீச்சர். ஆங்கில டீச்சர்தான், வாடகை அறைதான், கல்யாணம் ஆகாதவள்தான். ஆனால் வாயைத் திறந்தால் சிரித்துச் சிரித்து வயிறு நோகும். ஹெட்மாஸ்டர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்லுவாள். பள்ளிக்கூடத்து பேண்டு மாஸ்டர் மேல் அவளுக்கு ஒரு கண். அவரும் ஒவ்வொரு வாரமும் அவளைச் சாப்பிடக் கூப்பிட வாயெடுப்பார். அதற்குள் டிரம் உருண்டுவிடும், இல்லை ஹெட்மாஸ்டர் வந்துவிடுவார். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஊர்த் தெருவில் ஒரு வண்டி ஓடாது.

திங்கட்கிழமை காலையில் லெனோர் வெளியே கிளம்பினால் போதும். தபாலாபீஸில், மளிகைக் கடையில், சர்ச் வாசலில், "என்ன மிஸ் விண்டில், இன்னைக்கு என்ன ஜோக்கு?" என்பார்கள். பிள்ளைகள் அதற்கும் மேலே. அவள் அந்த ஒரு நொடி யோசிப்பாள். அதற்குள் கேட்டவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்துவிடும். "சரி சரி, ரேடியோலதான் நல்லா வருது போல" என்று போய்விடுவார்கள். நல்ல மனுஷர்கள்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

ஆர்வில் மட்டும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. சனிக்கிழமை முட்டை கொண்டுவந்து கொடுப்பான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "வணக்கம் மிஸ் ஹாலிஸ்டர்" என்பான். "வணக்கம் மிஸ்டர் டைக்ஸ்ட்ரா" என்பாள் அவள். அதோடு சரி. ஆனால் சனிக்கிழமை காலையில் அவள் தலையை இரண்டு தடவை வாருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஹார்லன் அவளிடம் கேட்டார். அவர்தான் பள்ளிக் குழுவின் தலைவர். அடுத்த வருஷமும் இருக்கிறாயா இல்லையா, பக்கத்து ஊரில் ஒரு பெண் வேலை கேட்டுக் காத்திருக்கிறாள், திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடு என்றார். டென்வரில் ஒரு பெரிய பள்ளியிலும் லெனோரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பாத்திரம் துடைத்துக்கொண்டே நான் கேட்டேன். "என்ன செய்யப்போறே லெனோர்?"

"தெரியலை ஹுல்டா. டென்வர்ல எனக்கு யாரையும் தெரியாது."

"அப்போ இங்கேயே இரேன்."

"இங்கேயும் அப்படித்தானே?" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "உங்களைச் சொல்லலை. நான் போனா இவங்களுக்கு வருத்தமா இருக்கும், ஆனா யாருக்காக வருத்தப்படுவாங்க? ரேடியோல வர்றவளுக்காக. என்கிட்டே, எனக்காக, ஒரே ஒருத்தர் பேசினாக்கூடப் போதும். இருந்துடுவேன்" என்றாள்.

நான் பேசுகிறேனே என்று சொல்ல வந்தேன். ஆனால் நான் அவளிடம் பேசியதெல்லாம் சுடுதண்ணீர் பற்றியும் போர்வை பற்றியும்தான். யோசித்துப் பார்த்தால் அதற்கு மேல் ஒன்றும் பேசியதில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்கே அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி பனிமழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் மரம், வேலி, குதிரைத் தொட்டி எல்லாம் கண்ணாடி போட்ட மாதிரி. ஆற்றோரம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஊர் முழுக்கக் கரண்டு இல்லை. டெலிபோன் கம்பி மட்டும் எப்படியோ தப்பித்தது. முன்னெல்லாம் எல்லார் வீட்டிலும் பேட்டரி ரேடியோ இருந்தது. கரண்டு வந்ததும் அதையெல்லாம் தலையைச் சுற்றித் தூக்கி எறிந்துவிட்டு, பிளக்கு வைத்த பளபளப்பு ரேடியோ வாங்கினோம். இப்போது அவ்வளவும் மரப்பெட்டி.

சாயங்காலம் ஆறு மணி ஆகப்போகிற நேரம், டெலிபோனில் ஒரே நீள மணி. எல்லாரும் எடுக்கவேண்டிய மணி அது, தீப்பிடித்தால் அடிப்பது. அலறி அடித்து எடுத்தேன்.

பெர்னிஸ். "எல்லாரும் இருக்கீங்களா? மிஸ் விண்டில் ஆரம்பிக்கப் போகுது!"

"அடிப்பாவி, இதுக்கா இந்த மணி?" என்றேன்.

"போன வாரம் அந்த மனுஷன் சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்தப்ப நிறுத்திட்டாங்க ஹுல்டா! இன்னைக்குக் கேக்கலைன்னா நான் செத்துடுவேன். ஆர்வில்! ஆர்வில், இருக்கியா?"

டக், டக், டக்.

"இருக்கான். ஆர்வில், உன்கிட்டே பேட்டரி ரேடியோதானே இருக்கு? நீதான் கரண்டே வேண்டாம்னு கம்பி போட வந்தவங்களைத் திருப்பி அனுப்பினியே. ரிசீவரை ரேடியோ பக்கத்துல வைப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ம்" என்றான் ஆர்வில்.

எட்டு வீடும் காதில் வைத்துக்கொண்டோம். அதுதான் வினை. ஆர்வில் வீட்டுக்கு அடுத்தது என் வீடு, அதனால் எங்களுக்கு ஏதோ கேட்டது. லெனோரும் நானும் சுவரில் மாட்டிய டெலிபோன் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரே ரிசீவரில் ஆளுக்கு ஒரு காது வைத்திருந்தோம். அவள் கன்னம் ஜில்லென்று இருந்தது. கம்பியின் அந்தக் கோடியில் இருந்தவர்கள்தான் புலம்பினார்கள்.

"எனக்கு எறும்பு முனகற மாதிரி இருக்கு!" என்றாள் பெர்னிஸ்.

"எனக்கு அதுவும் இல்லை" என்றார் ஹார்லன். பின்னால் நாய் இருமியது. "டீச்சர், உங்களுக்குக் கேக்குதா? கேட்டுக் கேட்டு நீங்களே சத்தமாச் சொல்லுங்களேன். உங்க வேலைதானே அது."

லெனோர் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்த ஒரு நொடி யோசித்தாள். பிறகு பேசும் குழாய்க்குக் கிட்டே வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில் பாடம் படிக்கிற மாதிரிதான் இருந்தது. மிஸ் விண்டில் தெரியாமல் ஹெட்மாஸ்டரின் புதுத் தொப்பி மேல் உட்கார்ந்துவிட்டாள். தட்டையாகிப் போன தொப்பியை பேண்டு மாஸ்டரின் பெரிய கொம்பு வாத்தியத்துக்குள் ஒளித்து வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் லெனோருக்குக் குரல் சூடு பிடித்தது. ஹெட்மாஸ்டருக்குக் குரலைக் கனமாக்கிக்கொண்டு உறுமினாள். பேண்டு மாஸ்டருக்குத் திக்கினாள். "ஐயோ, கொம்பை ஊதப்போறான்!" என்று பெர்னிஸ் கூவினாள். கம்பி முழுக்கச் சிரிப்பு. ரேடியோவில் சிரிக்கிறவர்கள் எங்கேயோ இருப்பவர்கள். இது எங்கள் சிரிப்பு. இன்ன சிரிப்பு இன்னார் வீட்டுச் சிரிப்பு என்று சொல்லிவிடலாம்.

லெனோரின் கழுத்து சிவந்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பேண்டு மாஸ்டர், "மிஸ் விண்டில், சனிக்கிழமை சாயங்காலம் நீங்க..." என்று வாயெடுத்தார்.

அப்போது ரேடியோ தேய்ந்தது. ஒரு முனகல், அப்புறம் அதுவும் இல்லை. ஆர்வில் வீட்டுக் கடிகாரம் மட்டும். அவன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தெரிந்தது ஆர்வில், லெனோர், நான், மூன்று பேருக்குத்தான்.

"அப்புறம்? அப்புறம்? கூப்பிட்டாரா?" என்றாள் பெர்னிஸ்.

லெனோர் கண்ணை மூடினாள். நின்றுபோனது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கூப்பிட்டார்" என்றாள் லெனோர். "சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டார்."

கம்பியில் ஒரே ஆரவாரம். யாரோ கை தட்டினார்கள்.

"மிஸ் விண்டில் சனிக்கிழமை நீல கவுனைப் போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கத்துல உக்காந்தா. மணி ஆச்சு. இருட்டிப் போச்சு. அவர் மறந்துட்டார். தப்பா ஒண்ணும் இல்லை, மறந்துட்டார், அவ்வளவுதான். எழுந்து அடுப்பைப் பத்தவெச்சா. 'அடுப்பே, இன்னைக்கு நீ ரொம்ப அழகா இருக்கே'ன்னா. அடுப்பு ஒண்ணும் சொல்லலை. 'சரி, நீயாவது எனக்கு முன்னாடி சூடாகிறே'ன்னா."

பெர்னிஸ் கெக்கெக்கே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"ஒரு சூப்பு டின்னைத் திறந்து, கிண்ணத்துல ஊத்தாம, நின்னுக்கிட்டே பாத்திரத்தோட குடிச்சா. ஒரே ஒரு ஸ்பூன் கழுவினாப் போதுமில்லையா? திங்கட்கிழமை எல்லாரும் ஜோக்கு கேப்பாங்களே, அதை இப்பவே யோசிச்சு வெச்சுக்கணும். யோசிச்சா. நல்ல ஜோக்குதான். அடுப்புகிட்டே சொல்லிப் பார்த்தா. அப்புறம் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. இந்த ஊர்ல எல்லாரும் அவ என்ன சொல்லப்போறான்னு கேக்கறாங்க. என்ன சாப்பிட்டேன்னு ஒருத்தரும் கேட்டதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டில் அவளுக்கு ஒரு நாளும் டின் சூப்பு போட்டதில்லை என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. ஞாயிறு மத்தியானத்தோடு சமையலை முடித்துவிட்டு நான் என் அறைக்குப் போய்விடுவேன், ராத்திரிச் சாப்பாடு அவள் பாடு.

டொக். யாரோ வைத்தார்கள். டொக், டொக். "மாட்டுக்குத் தீனி வைக்கணும்" என்று ஹார்லன் முணுமுணுத்தார். டொக். ஒவ்வொரு ரிசீவர் வைக்க வைக்க அவள் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் கேனரியும் போனது.

கடிகாரச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவ்வளவு தெளிவாக அதை நான் கேட்டதில்லை, எங்கள் சமையலறையிலேயே மாட்டியிருக்கிற மாதிரி.

லெனோர் காத்திருந்தாள். நான் என் காதை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை. அதற்குத்தான் நின்றாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு அவள் ரிசீவரைக் கொக்கியில் மாட்டினாள். "வெச்சுட்டார்" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. ஹார்லன் டிராக்டரிலேயே வந்து சேர்ந்தார், பதில் கேட்க. அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து நான் சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பலகாரத்தில் பாதியைத் தின்றுவிட்டார்.

"நேத்து முடிவு சப்புன்னு இருந்துச்சு" என்றார் வாயில் பலகாரத்தோடு. "விண்டில் அப்படியெல்லாம் பேச மாட்டாளே? எழுதறவனை மாத்திட்டாங்க போல. ஆனா முன்பாதி நீங்க பிரமாதம் டீச்சர்! அப்படியே வகுப்புல செய்யுங்க. சரி, என்ன சொல்றீங்க? இருக்கீங்களா?"

லெனோர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் பூட்ஸ் உதறுகிற சத்தம்.

ஆர்வில். முட்டி வரைக்கும் பனி. பின்னால் ஒரு சின்னச் சறுக்குப் பலகையில் சாக்குப் போட்டுக் கட்டிய மூட்டை. அந்தக் கண்ணாடித் தரையில் வயல் வயலாக இழுத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான். நேரே லெனோரைப் பார்த்து வாயைத் திறந்தான். அப்புறம் அடுப்புப் பக்கம் ஹார்லன் கண்ணில் பட்டார். வாய் மூடிக்கொண்டது.

"வாப்பா ஆர்வில்!" என்றார் ஹார்லன். "மூட்டையில என்ன? பொண்ணு கேக்கவா வந்திருக்கே, சீர் வரிசையோட?"

ஆர்வில் காது சிவக்கச் சாக்கை அவிழ்த்தான். ரேடியோ. அவன் அம்மாவின் ரேடியோ. அதை மேஜை மேல் வைத்தான். பேட்டரியைப் பக்கத்தில் வைத்தான். ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்த பனியைக் கைக்குட்டையால் துடைத்தான்.

"மிஸ் ஹாலிஸ்டருக்கு" என்றான்.

லெனோர் எழுந்து நின்றாள். "ரொம்ப நன்றி மிஸ்டர் டைக்ஸ்ட்ரா." கொஞ்சம் நிறுத்தி, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

ஆர்வில் ஹார்லனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் கரித்துணியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம், ஹார்லனை யார் கிளப்புவது? அவர் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஆர்வில் தொப்பியை ஒரு சுற்று சுற்றினான். இன்னொரு சுற்று சுற்றினான்.

"பேட்டரி புதுசு" என்றான். "டிரக்குக்கு வாங்கி வெச்சது. குளிர்காலம் முழுக்கத் தாங்கும்."

லெனோர் சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு திரும்பி, "மிஸ்டர் வெஸ்ட்ஃபால், அந்தப் பொண்ணையே வரச் சொல்லிடுங்க. நான் டென்வர் போறேன்" என்றாள்.

புதன்கிழமை கரண்டு வந்துவிட்டது. ரேடியோவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள், ஆர்வில் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் ஞாயிறு சாயங்காலம் ஆனால் ஆர்வில் வீட்டு மணியை அடித்து, ரிசீவரை அந்த ரேடியோ பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அரை மணி நேரம் கை வலிக்க நிற்பாள். நாடகம் முடிந்ததும் மாட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். ரேடியோவில் பேண்டு மாஸ்டர் அதற்கப்புறமும் வாராவாரம் வாயெடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜூன் மாதம் அவளை பஸ் ஏற்ற ஆர்வில்தான் டிரக் ஓட்டி வந்தான். பெட்டியைத் தூக்கி வைத்தான். வேகவைத்த முட்டையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தான். வழி அனுப்ப ஊரில் பாதி வந்திருந்தது. "டென்வர்ல போய் எங்க பேரைக் காப்பாத்துங்க மிஸ் விண்டில்!" என்று பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லெனோர் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். அந்த ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஆட்டினாள்.

ஆர்வில் ஓட்டிய டிரக்கிலேயே நானும் திரும்பினேன். சோளக்கொல்லை தாண்டியதும் திடீரென்று, "அந்த சூப்புக் கதைதான் எனக்குப் பிடிச்சுது" என்றான்.

"என்னது?"

"அவங்களா சொன்னாங்களே, அந்தக் கதை. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்."

"படுபாவி, அதைச் சொல்லித் தொலைக்கறதுதானே!"

"ஹார்லன் உக்காந்திருந்தார்."

"அப்புறம் எத்தனை ஞாயித்துக்கிழமை போன்ல நின்னா அவ? அப்போ சொல்லியிருக்கலாமே?"

"போன்ல எட்டு வீடு உக்காந்திருக்கே ஹுல்டா" என்றான்.

டிரக் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ரேடியோவை லெனோர் எனக்கு விட்டுப்போயிருந்தாள். அக்டோபரில் நாடகம் மறுபடி ஆரம்பித்தது. மாடி அறைக்கு யாரையும் வைக்கவில்லை. புது டீச்சர் பெர்னிஸ் வீட்டில் இருந்தாள், சின்னப் பெண், அவளை யாரும் மிஸ் விண்டில் என்று கூப்பிடவில்லை. முதல் ஞாயிறு, வழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று நான் ஆர்வில் வீட்டு மணியை அடித்தேன். ரிசீவரை ரேடியோ பக்கம் பிடித்தேன். ஹெட்மாஸ்டர் உறுமினார். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குக் கை வலித்தது. லெனோர் எப்படித்தான் நின்றாளோ.

பாதியில் ரேடியோவை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வீடு திடீரென்று பெரிதாகிப்போனது. ரிசீவரைக் காதில் வைத்தேன்.

டக், டக், டக்.

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்தான்.

"ஹுல்டா" என்றான். "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டின் சூப்பு" என்றேன். "நின்னுக்கிட்டேதான்."

"என்ன சூப்பு?"

"தக்காளி."

"நானும் தக்காளிதான்" என்றான் ஆர்வில்.

அப்போது கம்பியில் எங்கேயோ ஒரு கேனரி கீச்சென்றது. போச்சு, வைத்துவிடப்போகிறான் என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடிகாரம் ஓடியது. கொஞ்சம் அதிக நேரமே ஓடியது.

"பெர்னிஸ்" என்றான் ஆர்வில். "நீங்க என்ன சாப்பிட்டீங்க?"